ஊத்தங்கரையிலிருந்து வராத மாவு

ஓசூரில் மாவு மில்லைக் கடக்கையில் சூடான ராகி மாவின் வாசனை இன்றைக்கும் எனக்குக் கோபத்தைத்தான் கிளப்புகிறது. இப்போது கார் நிறுத்துமிடமாகிவிட்ட எங்கள் லைன் வீடுகளில், தகரக் கூரை படபடக்க, தொழிற்சாலைச் சங்குக்கு எழுந்து, ஒரே குழாயடியில் தமிழும் கன்னடமும் தெலுங்குமாகச் சண்டை போட்டுத் தண்ணீர் பிடித்த காலம் அது. அம்மாவின் சிநேகிதி மேரியக்காவின் புருஷனுக்கு வேலை போய்விட்டது. வாராவாரம் ஆள் எழும்புமுன் அம்மா அவர்கள் வாசலில் ஒரு பை ராகி மாவை வைத்துவிட்டு வருவாள்.

மேரியக்காவோ, "ஊத்தங்கரையிலிருந்து எங்கண்ணன்தான் பஸ்ல குடுத்தனுப்புது, கொண்டாறவங்க விடியறதுக்குள்ள வாசல்ல வச்சிட்டுப் போயிடறாங்க" என்று குழாயடி முழுக்கச் சொன்னாள். எட்டிக்கூடப் பார்க்காத அண்ணன்!

"நீதான்னு சொல்லும்மா" என்று கத்தினேன்.

"வாயை மூடு. பொறந்த வீடு இருக்குன்னு அவ தெம்பா இருக்கட்டும்."

கிறிஸ்துமஸுக்கு அந்த அண்ணன் வந்தார். எங்களையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். "நீ அனுப்புன மாவுலதான் புள்ளைங்க பசியாறுச்சு" என்று மேரியக்கா அழுதாள். அவர் ஒரு நொடி விழித்தார். பிறகு, "தங்கச்சிக்குச் செய்யாம யாருக்குச் செய்யறது?" என்றார்.

அம்மா முகம் மாறாமல் அவர் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். அந்த ஆளைவிட அம்மாவின் மேல்தான் எனக்கு ஆத்திரம் பொங்கியது.