டிரம்மின் அடியில் வெள்ளை

திண்டிவனத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் நான் கீரை வளர்க்கிறேன். கீரை என்று சொன்னால்தான் இங்கே புரிகிறது. உண்மையில் அது லெட்யூஸும், துளசி மாதிரி வாசம் அடிக்கிற பேசிலும். பாண்டிச்சேரியில் ஒரு ஓட்டல்காரர் வாரம் இரண்டு தடவை வாங்கிக்கொள்கிறார். மண் கிடையாது, வெயில் கிடையாது. குழாயில் ஓடுகிற உரத்தண்ணீர், மேலே ஊதா விளக்கு, மூலையில் இருநூறு லிட்டர் நீல டிரம். அவ்வளவுதான் என் விவசாயம்.

அதற்கு முன்னால் விழுப்புரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். முகத்தைப் பார்த்து வியாதி சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. எடு, அளந்து பார், அப்புறம் பேசு. அந்தக் கொள்கையோடுதான் மாடிக்கும் ஏறினேன். பெருமை கொஞ்சம் அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

உதவிக்கு ஒரு பெண் வந்தாள். இரண்டு தெரு தள்ளி வீடு, என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். அதுவரை கடலைக் காட்டில் மல்லாட்டை பிடுங்கவும் களை எடுக்கவும் போய்க்கொண்டிருந்தவள். அவள் அம்மா பக்கவாதம் வந்து படுத்த படுக்கை. "கிட்டத்துல வேலன்னா போதும்க்கா. மத்தியானம் ஒரு எட்டு ஓடிப்போயி அம்மாவப் பொரட்டிப் படுக்க வச்சி, கஞ்சி ஊத்திட்டு வந்துடுவேன்" என்றாள் முதல் நாளே. இந்த வேலை அவளுக்கு எதற்கு வேண்டும் என்பது அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரியாது என்று பின்னால் சொல்ல எனக்கு வாய் கிடையாது.

ஊதா வெளிச்சம் ஜன்னல் வழியாகத் தெருவுக்குத் தெரிந்ததில் ஒரு கூத்து நடந்தது. மாடியில் கஞ்சா வளர்க்கிறார்கள் என்று யாரோ கொளுத்திப் போட, ஒரு போலீஸ்காரர் ஏறி வந்துவிட்டார். ஒரு இலையைக் கிள்ளி மோந்து பார்த்தார், மென்றும் பார்த்தார். "இன்னாம்மா இது, ஆடு துன்ற தழையாட்டம் இருக்குது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நாங்கள் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். என் கணவர் சிரிக்கவில்லை. "தெருக் கண்ணு பூரா நம்ம மாடி மேலதான் இருக்குது" என்றார். அவர் மாதாமாதம் அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிறவர். நான் போவதில்லை, அவரைத் தடுப்பதும் இல்லை.

அதற்கப்புறம் ஒரு நாள் காலையில், தண்ணீரின் காரத்தை அளக்கிற பி.எச். மீட்டரை டிரம்மில் முக்கினால் ஏழரையைத் தாண்டிக் காட்டுகிறது. ஆறில் நிற்க வேண்டியது. மீட்டர்தான் கெட்டுவிட்டதோ என்று, சரிபார்க்கிற திரவத்தில் முக்கிப் பார்த்தேன். மீட்டர் ஒழுங்காகத்தான் இருந்தது. அமிலம் ஊற்றி இறக்கினேன். மறுநாள் மறுபடியும் ஏறி உட்கார்ந்திருந்தது.

நான்கைந்து நாளில் இலை மஞ்சளாயிற்று. மஞ்சளிலும் பல ரகம் உண்டு. அடி இலை வெளுத்தால் தழைச்சத்து போதவில்லை. ஓரம் கருகினால் உப்பு கூடிவிட்டது. எங்களுடையது குருத்தில் வெளுத்தது, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. அது இரும்புச்சத்து இல்லாத மஞ்சள். இரும்பு போட்டேன், தேறவில்லை. இன்னும் போட்டேன். பி.எச். அவ்வளவு ஏறிவிட்டால் தண்ணீரில் இரும்பு கிடந்தும் வேரால் எடுக்க முடியாது. இலை நிறையச் சோற்றைப் போட்டு வாயைக் கட்டிவிட்ட மாதிரி. அப்படியானால் ஏன் ஏறுகிறது என்றுதான் தேட வேண்டும்.

"அக்கா, டிரம்மு அடியில வெள்ளையா இன்னாவோ படிஞ்சிக் கெடக்குது" என்றாள் அவள்.

"உரம் திரிஞ்சிருக்கும். நீ நாத்துத் தட்டக் கழுவு" என்றேன், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

எல்லாவற்றையும் கொட்டிக் கழுவிப் புதிதாகக் கலந்தோம். மூன்று வாரம் இலை பளபளவென்று இருந்தது. அப்புறம் மறுபடியும் அதே ஏழரை. ஓட்டல்காரர் ஒரு பெட்டியைத் திருப்பி அனுப்பினார். எனக்கு ரத்தம் கொதித்தது.

எங்கள் ஊர் போர் தண்ணீர் குடத்தில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிகிற தண்ணீர். அதனால் டிரம்முக்கு ஆர்.ஓ. தண்ணீர்தான். அது நூல் மாதிரி ஒழுகும், டிரம் நிறைய அரை நாளுக்கு மேல் ஆகும். மத்தியானம் அம்மாவைப் பார்க்க ஓடுகிறவள், நேரமாகிறதே என்று போர் குழாயைத் திறந்துவிட்டிருப்பாள். போர் தண்ணீரில் பி.எச். ஏறத்தானே செய்யும்! எல்லாம் அத்தனை அழகாகப் பொருந்தியது.

"சத்தியமா இல்லக்கா. எங்கம்மா மேல ஆணையா நான் போர் தண்ணி வுடல" என்றாள்.

"பின்ன அதுவா ஏறுதா?" என்று கத்தினேன்.

"அந்த வெள்ளைய ஒரு வாட்டி பாருங்களேன்க்கா."

"நீ எனக்குச் சொல்லித் தர்றியா? நாளையிலேர்ந்து வராத."

அவள் பாதி கழுவியிருந்த தட்டுகளைக் கழுவி முடித்து, கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

பிறகு டிரம்மைக் கழுவிப் புதிதாகக் கலந்து, எல்லாவற்றையும் நானே செய்தேன். மூன்று வாரம் மீட்டர் ஆறில் நின்றது. "பாத்தீங்களா, அவ போனதும் எல்லாம் சரியாப்போச்சு" என்று கணவரிடம் பீற்றிக்கொண்டேன். நாலாவது வாரம் ஒரு காலையில் மறுபடியும் ஏழரை. டிரம்மை நிரப்பியவள் நான். குழாயைத் திறந்தவளும் நான்தான்.

அப்புறம் தோள்வரைக்கும் கையை விட்டு டிரம்மின் அடியைத் துழாவினேன். மாவு மாதிரி வந்தது. கூடவே இரண்டு வேப்பிலை. உள்ளங்கையில் இருந்ததில் கொஞ்சத்தைத் தட்டில் தட்டி ஒரு சொட்டு அமிலம் விட்டேன், புஸ்ஸென்று நுரைத்தது. உரம் அப்படி நுரைக்காது, காரத்தை ஏற்றுகிற சாம்பல்தான் நுரைக்கும். நோட்டைப் புரட்டி மீட்டர் ஏறிய மூன்று தேதிகளையும் நாள்காட்டியோடு வைத்துப் பார்த்தேன். மூன்றும் அமாவாசைக்கு மறுநாள்.

கணவர் அன்று விடிகாலை மேல்மலையனூரிலிருந்து வந்து, கீழே காபி குடித்துக்கொண்டிருந்தார். கேட்டதும் மறைக்காமல் சொன்னார். "ஆமா, கண்ணு பட்டுடக் கூடாதேன்னு கோயில் விபூதியும் வேப்பிலையும் போட்டேன். மொத தடவ ஒரு கைப்பிடி. இலை மஞ்சளாச்சேன்னு அடுத்த தடவ ரெண்டு. இப்ப மூணு."

நான் இரும்பைக் கூட்ட, அவர் சாம்பலைக் கூட்டியிருக்கிறார்! எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. "இனிமே வாசக்கால்ல பூசுங்க, தண்ணியில வேணாம்" என்றேன். அவரும் சிரித்தார். பேச்சு அதோடு முடிந்தது.

நோட்டை மூடப் போனபோதுதான் பக்கத்து வரிசை கண்ணில் பட்டது. அது தண்ணீரின் உப்பு அளவு, அதையும் தினமும் எழுதுகிறேன். போர் தண்ணீர் கலந்திருந்தால் அந்த எண் இரண்டு மடங்கு ஏறியிருக்கும். அவளை விரட்டிய நாளில் அது ஏறவே இல்லை. ஏறவில்லை என்று என் கையெழுத்திலேயே எழுதியிருந்தது. அளந்துவிட்டு, அளந்ததைப் பார்க்காமல் பேசியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். இப்போது ஒரு ஷூ கம்பெனிக்குப் போகிறாளாம். விடியும்முன் வேன் வரும், இருட்டியபின் இறக்கிவிடும். அவள் அம்மா சுவர்ப்பக்கம் பார்த்துப் படுத்திருந்தார். இடுப்பில் ஒரு கை அகலத்துக்குப் புண். அவள் அதைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"படுக்கப் புண்ணுக்கா. மத்தியானத்துல பொரட்ட ஆளில்ல. பக்கத்து வூட்டுல பாத்துக்கறேன்னுதான் சொன்னாங்க, அவுங்களுக்கும் வேல இருக்குதில்ல" என்றாள், யார்மேலும் குறை சொல்லாத குரலில். ஒரே மாதத்தில் வந்த புண்.

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கணவர் போட்ட சாம்பல், வேப்பிலை, அமாவாசை, உப்புக் கணக்கு. "தப்பு என்னுதுதான். மன்னிச்சிடு. திரும்பி வா" என்றேன்.

"அம்மாவக் கொஞ்சம் புடிங்கக்கா" என்றாள். தோளைப் பிடித்தேன். எடையே இல்லை. புண்ணில் மருந்து போட்டு, இந்தப் பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்தோம்.

"வர்றேன்க்கா. வேன் வேலைய வுட்டுட்டு வர்றேன். இதுக்கோசரம்" என்று அம்மாவைக் காட்டினாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "அண்ணன இன்னா சொன்னீங்க?"

"இனிமே போடாதீங்கன்னு சொன்னேன்."

"அவ்ளோதானாக்கா?"

"அவ்ளோதான்" என்றேன்.