பேய் வண்டி மீரா சாகிப்

மீரா சாகிப் தம் வண்டிக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருக்கிறார். ஆசனத்தைத் தூக்கி, அடியில் அடுக்கியிருக்கும் பேட்டரிப் பெட்டிகளின் மூடிகளைத் திருகி, மூக்குக் கெண்டியால் மழைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுகிறார். குழாய்த் தண்ணீர் ஆகாதாம். அதற்காகவே கூரை ஓரத்தில் ஒரு ஜாடி நிற்கிறது. மனைவி மஹ்பூபா ஒருநாள் மறந்துபோய் அந்த ஜாடியில் அரிசி களைந்துவிட்டார். "என் வண்டிக்குக் கஞ்சியா ஊத்தச் சொல்றே?" என்று இவர் போட்ட கூச்சல் தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

பினாங்கில் குதிரை வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர் இவர். சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் ஏலத்தில் விட்ட மின்சார மோட்டார் வண்டியை, குதிரை இரண்டையும் விற்று வாங்கினார். ஊரே தலையில் அடித்துக்கொண்டது. ட்ராம் வண்டிக்காவது தலைக்கு மேலே கம்பி இருக்கிறது. கம்பியும் இல்லாமல், குதிரையும் இல்லாமல், சத்தமும் இல்லாமல் ஒரு வண்டி ஓடினால் யார்தான் நம்பி ஏறுவார்கள்? ஏறியவர்களிடம் மீரா சாகிப் விடாமல் பேசுவார்.

"பெட்ரோல்ல ஓடுற கிரேத்தா மொரட்டு மிருகம் தம்பி. கைப்பிடியப் போட்டுச் சுத்துனா எத்தும், கை ஒடிஞ்சு தொங்கும். என்னுது அப்படியா? தள்ளுனா போவும், இழுத்தா நிக்கும், அவ்வளவுதான் லா. புள்ளத்தாச்சி ஒக்காந்தாலும் வயித்துத் தண்ணி அலுங்காது."

அலுங்காதுதான். ஆனால் தூரம் போகாது. சாயங்காலம் சுங்கை பினாங்கில் ஒரு சீனர் பட்டறையில் பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றக் கம்பி மாட்டினால், விடியற்காலைத் தொழுகைக்குத்தான் கழற்ற முடியும். அன்றைக்குப் பட்டறையில் மின்சாரம் மக்கர் செய்தால் மறுநாள் பிழைப்பு போச்சு. பேட்டரித் திராவகம் தெறித்து இவருடைய கைலிகளெல்லாம் சல்லடையாகிவிட்டன. அதே கைலியோடு நிமிர்ந்த நெஞ்சோடு கப்பித்தான் பள்ளிவாசலுக்கும் போவார். மஹ்பூபாவின் தம்பி சீனி முகம்மது பெட்ரோல் மோட்டார் வைத்திருக்கிறான். அவன் சும்மா இருப்பானா? "மச்சான், ஒங்க வண்டி ஆயர் ஈத்தாம் வரைக்கும் போனா, வர்றப்ப செத்தவங்களுக்கு ஓதுற யாசீனை அதுக்கும் ஓதணும்" என்பான்.

அவன் சொன்னதிலும் உண்மை உண்டு. ஒருமுறை தஞ்சோங் பூங்கா கடற்கரைப் பக்கம் வண்டி மூச்சை விட்டுவிட்டது. மாட்டைக் கட்டித்தான் இழுத்துவர வேண்டியிருந்தது. வேறொருவராக இருந்தால் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டிருப்பார். மீரா சாகிப் தம் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, சிரித்தவர்களுக்கெல்லாம் சலாம் சொல்லிக்கொண்டே ஊருக்குள் வந்தார்.

பேய்ப் பட்டம் வந்த கதை தனி. தெருவோரம் பலகாரம் விற்கும் காமாரியா என்ற மலாய்க்காரப் பெண் ஏதோ நினைப்பில் திரும்பினாள். முதுகுக்குப் பின்னால் சத்தமே இல்லாமல் ஒரு வண்டி வந்து நின்றிருந்தது. "ஹந்து! ஹந்து!" பேய், பேய் என்று அலறித் தட்டைப் போட்டுவிட்டு ஓடினாள். அன்றிலிருந்து அது 'கிரேத்தா ஹந்து', பேய் வண்டி. போலீஸ்காரர் வந்து, இனி மணி கட்டாமல் தெருவில் இறங்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். மீரா சாகிப் நேராகப் போய் ஒரு மாட்டு மணியை வாங்கி வண்டியின் நெற்றியில் தொங்கவிட்டார். "மணிதானே வேணும்? கேட்டுக்கங்க!" அவருக்கு அந்த மணியைக் கண்டாலே பிடிக்காது.

போன ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து மகள் சலேஹாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை தம் வண்டியில்தான் வர வேண்டும் என்பது மீரா சாகிபின் பல நாள் ஆசை. அதற்காகவே வண்டிக்குப் புதுச் சாயம் பூசினார். மாப்பிள்ளையின் தாயார் ஆசியா பீவி ஆள் அனுப்பினார்: "பேய் வண்டியில எம் மவன் ஏற மாட்டான். சீனி முகம்மது மோட்டார் வரட்டும்."

மீரா சாகிப் துள்ளிக் குதித்தார். "என் மவ கல்யாணத்துக்கு என் வண்டி ஆவாதா?"

மஹ்பூபா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "வண்டியா, மவளா? ஒண்ணு சொல்லுங்க."

மீரா சாகிப் வாசலில் நின்ற புதுச் சாய வண்டியை ஒருமுறை பார்த்தார். "மவதான்" என்றார் கடைசியில். "ஆனா வண்டி வூட்டுல நிக்காது. ஊர்வலத்துக்குக் கடைசியில வரும். தெரு என்ன அவுக வாப்பா வூட்டுச் சொத்தா?"

எங்கள் பக்கத்து மாப்பிள்ளை ஊர்வலம் நடை வேகத்தில்தான் போகும். முன்னால் பைத்து என்னும் வாழ்த்துப் பாட்டைப் பைத்துக்காரர்கள் தஃப் பறை தட்டிப் பாடிக்கொண்டு போவார்கள். பெண் வீட்டு வாசல் வரும்வரை பாட்டு அறுபடக் கூடாது. அறுந்தால் ஆகாது என்பது பெண்களின் நம்பிக்கை. சீனி முகம்மதின் மோட்டாருக்கு ஓடத் தெரியும், நடக்கத் தெரியாது. உறுமி உறுமிப் புகையைக் கக்கியது. பாட்டு யார் காதிலும் விழவில்லை. "மோட்டார் பாடட்டும், நாங்க வாய மூடிக்கிறோம்!" என்று இருமலுக்கு நடுவே கத்தினார் தலைப்பாடகர் கமாலுதீன். சூலியா தெரு திருப்பத்தில் மோட்டார் கொதித்து, உஸ்ஸென்று ஆவியை விட்டுவிட்டு நின்றே போனது.

சீனி முகம்மது கைப்பிடியைச் சுழற்றினான், சுழற்றினான், வியர்த்துக் கொட்டியது. பாட்டு அறுந்துவிடாமல் பைத்துக்காரர்கள் ஒரே அடியையே திரும்பத் திரும்பப் பாடினார்கள். தொண்டை கட்ட ஆரம்பித்தது. பின்னாலிருந்த குதிரை வண்டியின் திரையை விலக்கி, கடைசியில் நின்ற மீரா சாகிபை நோக்கி ஆசியா பீவி தலையை நீட்டினார்.

"சம்மந்தி, வண்டிய முன்னால கொண்டாங்க."

"பேய் வண்டியாச்சே, சம்மந்தி?" மீரா சாகிப் அசையவில்லை.

"பாட்டு அறுந்துரும்! மனுசர் ஓட்டுற வண்டிதானே? கொண்டாங்க லா!"

மாட்டு மணி கிணுகிணுக்க வண்டி முன்னால் வந்தது. மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்தார். மணிச் சத்தம் பாட்டின் குறுக்கே விழுந்தது. கமாலுதீன் முகத்தைச் சுளித்தார். மூலையில் அதே போலீஸ்காரர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மீரா சாகிப் வண்டியை நிறுத்தி இறங்கினார். போலீஸ்காரரைப் பார்த்தபடியே மணியை அவிழ்த்தார். கரிபிடித்த முகத்தோடு நின்ற சீனி முகம்மதின் கையில் அதைத் திணித்து, மணியின் நாக்கை அவன் விரல்களுக்குள் வைத்து அழுத்தி மூடினார்.

"மணியும் வருது, சத்தமும் இல்ல. கெட்டியாப் புடிச்சுக்கிட்டு முன்னால நட, மச்சான்."

ஏறி உட்கார்ந்து, கைப்பிடியை மெல்லத் தள்ளினார்.