வெள்ளிக்கிழமை பர்கர்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐந்தாவது முறையாகத் தோற்றேன். கோழியைப் பொடியாகக் கொத்தி, மிளகு இடித்துப்போட்டு, வட்டமாகத் தட்டித் தோசைக்கல்லில் போட்டால் வீடே மணக்கிறது. பன்னில் வைத்துக் கடித்தால் மட்டும் அந்தப் பர்கர் இல்லை. மனைவி ஒரு வாய் தின்றுவிட்டு, "நல்லாத்தான இருக்கு, எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீக?" என்றாள். நான் தேடியது இருபது வருடத்துக்கு முந்தைய ருசி. அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

அப்போது ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் எனக்கு வேலை. வார லீவு வெள்ளிக்கிழமை. அண்ணன் ராணுவத்தில், எல்லைப் பக்கம் எங்கோ இருந்தான். அவன் போன நாளிலிருந்து எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூர் போய் ஆண்டாள் கோயிலில் அவன் பெயருக்கு அர்ச்சனை செய்வது என் பொறுப்பு. அம்மாவுக்கு முழங்கால் வலி, பஸ் ஏற முடியாது.

நானும் ஒழுங்காகத்தான் போவேன். அர்ச்சனை முடிந்ததும் துளசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, நெற்றிக் குங்குமத்தைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, நேராக அந்தோணி அண்ணன் கடைக்குப் போய்விடுவேன். நாலு மேசை, ஒரு தோசைக்கல். பலகையில் 'பர்கர்' என்று மட்டும் எழுதியிருக்கும். மூலை மேசையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, தலையைத் தூக்காமல், "ஒரு பர்கர்ணே" என்பேன். ஓரம் கருகிய வட்டக் கறி, பச்சை வெங்காயம், கொஞ்சம் தக்காளி சாஸ். முதல் கடியில் கண் தானாக மூடிக்கொள்ளும். கோயிலில்கூட அப்படி மூடியதில்லை.

ஒரு வருடம் இப்படி ஓடியது. ஒருநாள் ஃபோன் வந்தது. அண்ணன் போன வண்டி கவிழ்ந்து இடது கால் ஒடிந்துவிட்டது. அம்மா அழவில்லை. என்னைக் கூப்பிட்டாள்.

"ஏலே, நெசத்தச் சொல்லு. வெள்ளிக்கெழமையில வெளிய எங்கயாச்சும் கறி கிறி தின்னியா?"

"இல்லம்மா."

"அப்ப எங்கிட்டதான் ஏதோ கொற இருக்கு" என்றாள். அன்றோடு மீனையும் கறியையும் அடியோடு விட்டுவிட்டாள்.

மீன் குழம்பு என்றால் உயிரை விடுகிறவள் அவள். பிளவக்கல் அணை மீன் வந்தால் சட்டியைச் சோறு போட்டு வழித்துத் தின்பாள். அதற்குப் பிறகும் எங்களுக்கு வைத்துக் கொடுத்தாள், தனக்கு ரசம் ஊற்றிக்கொண்டாள். எதிரில் உட்கார்ந்து தின்கிற எனக்கு முள் தொண்டையில் நிற்கும். சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வரும். பயம். ஆறு வருடத்துக்கு முன் அப்படியே போய்ச் சேர்ந்தாள்.

ஐந்தாவது தோல்விக்குப் பிறகு அந்தோணி அண்ணனின் நம்பரைத் தேடிப் பிடித்தேன். கடையை மூடிவிட்டு வத்திராயிருப்பில் மகள் வீட்டில் இருக்கிறார்.

"கோழியில என்னண்ணே சேப்பீக? எனக்கு அந்த ருசி வரவே மாட்டேங்குது."

"நீ எந்தக் கெழம வருவ?"

"வெள்ளிக்கெழமதாண்ணே."

அவர் சிரித்துவிட்டார். "தம்பி, வெள்ளிக்கெழம எங்களுக்கு சுத்தபோசனம்ல! கறியத் தொடவே மாட்டேன். அன்னைக்கு மீல்மேக்கர்தான் போடுவேன். வாரவுக அம்புட்டுப் பேருக்கும் தெரியும். நீ ஒருநாளும் கேட்டதில்லையே!"

அவர் மாதா கோயிலுக்குத் தவறாமல் போகிறவர் என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் ஒரு வெள்ளிக்கிழமை இருக்கும் என்பதுதான் புத்தியில் ஏறவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை மீல்மேக்கரை ஊறவைத்துப் பிழிந்து, அரைத்துச் செய்தேன். அதேதான்! அச்சு அசல் அதே ருசி. அண்ணன் காலை லேசாகச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்தான், இரண்டு தின்றான். எல்லாவற்றையும் சொன்னேன். புரையேறச் சிரித்தான்.

"ஏலே, டிரைவர் தூங்குனதுக்கு நீ இருவது வருசமா முழிச்சுக்கிட்டா இருந்த?"

நானும் சிரித்தேன். மனசு இவ்வளவு லேசாகி வெகுநாளாயிற்று. அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். தெருவே அடையாளம் தெரியவில்லை. போகட்டும், எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை.

அன்றைக்கே "தின்னேம்மா" என்று சொல்லியிருந்தால் முதுகில் நாலு வைத்திருப்பாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, எனக்குக் கொடுக்காமல் மீன் தலையைத் தன் தட்டில் போட்டுக்கொண்டிருப்பாள்.