உப்பிய குருவி

செம்பூர் வீட்டுக் கூண்டின் தரையில் ஒரு ஃபின்ச் குருவி இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. "நல்லாக் கொழுத்துட்டு," என்கிறார் கணவர். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சின்ன வயதில் தாராவி வீட்டுக் குருவியும் இப்படித்தான் பந்தாக உப்பியது. பகலிலேயே கண் சொக்கியது. மூச்சு விடும்போதெல்லாம் வால் ஆடியது. "டாக்டர்ட்ட கொண்டு போவோம்மா," என்று அழுதேன். அம்மா மிளகாயைக் கூண்டுக்குச் சுற்றி, கூண்டுக்குப் பக்கத்திலிருந்த அடுப்பிலேயே போட்டாள். கண் பட்டிருந்தால் நெடி வராது என்பது அவள் கணக்கு. வீடே இருமியது. "நெடி அடிக்குல்லா, அப்போ கண்ணு படல. குருவிக்கு ஒண்ணுமில்ல," என்றாள். சாயங்காலம் குருவி செத்துக் கிடந்தது.

இந்தக் குருவியைத் துணி விரித்த பெட்டியில் வைத்து டாக்டரிடம் கிளம்புகிறேன். கணவர் போனில் விஷயத்தைச் சொல்லிவிட்டு என்னிடம் நீட்டுகிறார். அம்மாதான். "டாக்டர் எதுக்குட்டி? வீட்டுல மொளகா இருக்கா?"