நான் மாற்றிச் சொன்ன பதில்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு நவம்பர் மாதம். மைசூரில் நான் நர்ஸாக வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு வெளிநாட்டு டாக்டர்கள் நான்கு பேர் வந்திருந்தார்கள். ஆன்டிபயாடிக் மருந்துகளை நாம் கண்டபடி விழுங்கி, கிருமிகள் எந்த மருந்துக்கும் அடங்காமல் போவதைத் தடுக்கப் பல நாடுகள் சேர்ந்து வேலை செய்கின்றன அல்லவா, அதற்காகத்தான் அந்த வருகை. 'மீந்த மாத்திரையை யாருக்கும் கொடுக்காதீர்கள்' என்று தமிழ் நோயாளிகளுக்காக வராந்தாவில் தமிழில் ஒரு போஸ்டர். எழுதியது நான்தான். அதில் எனக்குப் பெருமை வேறு.

வார்டில் சிறுநீர்த் தொற்றும் குளிர்காய்ச்சலுமாக ஓர் அக்கா படுத்திருந்தார். தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூர்க்காரர்; மைசூர் விஜயநகரில் எங்கள் எதிர்வீடு. கன்னடம் தெரியும் என்றாலும் காய்ச்சலில் அவருக்குத் தமிழ்தான் வந்தது. இதற்கு முன் என்ன மாத்திரை சாப்பிட்டார், யார் கொடுத்தது என்று வெளிநாட்டுப் பெண் டாக்டர் கேட்டார். எங்கள் டாக்டர் எழுதிக்கொள்ளத் தயாராக நின்றார். நான் தமிழில் கேட்டேன்.

"நீங்க குடுத்ததுதானுங்க அம்மிணி. மூணு தடவ குடுத்தீங்களே. காச்ச விட்டதும் நிறுத்திப்போடச் சொன்னீங்க."

உண்மைதான். எங்கள் தெருவில் யாருக்கு உடம்பு முடியவில்லை என்றாலும் என் வீட்டுக்குத்தான் வருவார்கள். மீந்துபோன அரை அட்டை, கால் அட்டை எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருப்பேன். பாதி டாக்டர் என்று கிண்டல் செய்வார்கள். உள்ளுக்குள் எனக்கு அது பிடிக்கும்.

எனக்கு வேர்த்துவிட்டது. "ஏதோ மெடிக்கலில் வாங்கினாராம், பெயர் தெரியவில்லையாம்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டேன். எங்கள் டாக்டர் அப்படியே எழுதிக்கொண்டார். தான் சொன்னதைத்தான் நான் சொல்கிறேன் என்று நம்பி அக்கா தலையை வேறு ஆட்டினார்.

பத்து நிமிடத்தில் மருந்துச் சீட்டு என் கைக்கு வந்தது. நான் கொடுத்த அதே மருந்து, இப்போது ஊசியாக. மூன்று தடவை அரைகுறையாகச் சாப்பிட்ட மருந்து இனிமேல் கேட்குமா? டாக்டர் அறைக்கு ஓடிப்போய், வெளிநாட்டு டாக்டர்கள் இருக்கும்போதே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். யாரும் திட்டவில்லை. எங்கள் டாக்டர் அந்த மருந்தை அடித்துவிட்டு வேறு எழுதினார். "நீவேனா, சிஸ்டர்?" என்று மட்டும் கன்னடத்தில் கேட்டார், நீங்களா என்று. இரண்டு நாள் கழித்து, எந்த மருந்துக்குக் கிருமி சாகும் என்று பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட் வந்தது. பழைய மருந்துக்கு அந்தக் கிருமி அசையவே இல்லை. நான் கொடுத்ததால்தான் இப்படி ஆனது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

ஒரு வாரத்தில் அக்கா தேறினார். வீட்டுக்குக் கிளம்பும்போது, நான் பொய் சொன்னதையும் பிறகு டாக்டரிடம் உண்மையை ஒப்புக்கொண்டதையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அதையேனுங்க போய்ச் சொன்னீங்க அம்மிணி? மருந்துக் கடைன்னே இருந்துட்டுப் போகட்டும். உங்க வேலைக்கு ஒண்ணும் ஆயிடலீங்களே?"

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட மனம் கொஞ்சம் ஆறியிருக்கும். என் வேலைக்காகக் கவலைப்பட்ட அந்த அக்காவின் உயிரோடுதானே, என் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள நான் விளையாடப் பார்த்தேன் என்று நினைக்கும்போது இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.