ரெட்டியார்சத்திரத்தில் எழும்பிய இருக்கை

பழனியிலிருந்து திண்டுக்கல் போகும் பேருந்து ரெட்டியார்சத்திரத்தில் நிற்கிறது. ஆறு பேர் இறங்க, ஒன்பது பேர் ஏறுகிறார்கள். எதை எண்ணினாலும் என் கவலை குறையவில்லை. மகள் சுவீடனின் வடக்குக் கடற்கரையில் வீடு பார்த்திருக்கிறாள். "சரின்னு சொல்லுங்கப்பா, இன்னைக்கே அட்வான்ஸ் கட்டணும்" என்கிறாள். உலகெங்கும் கடல் ஏறும்போது கரையில் வீடா என்று காலையிலிருந்து பதில் சொல்லாமல் இருக்கிறேன்.

பக்கத்து இருக்கையில் இருந்த பருத்த அம்மாள், ஆத்தூரில் காய்கறிக் கடை வைத்திருப்பவர், கொய்யா வாங்க இறங்குகிறார். அவர் அழுத்தியிருந்த ஸ்பாஞ்சு உடனே எழும்பவில்லை. மெல்ல மெல்ல மேலே வருகிறது. மகள் சொன்னது இப்போதுதான் பிடிபடுகிறது. அங்கே ஒரு காலத்தில் கிலோமீட்டர் கணக்கில் பனி தரையை அழுத்திக் கிடந்ததாம். அது உருகி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகியும் நிலம் இன்னும் எழும்பிக்கொண்டே இருக்கிறது, கடல் ஏறுவதைவிட வேகமாக.

திரும்பி வந்தவரிடம் மகள் காத்திருப்பதோடு சேர்த்து இதைச் சொல்கிறேன்.

"என் வெயிட்ட வச்சா கணக்குப் போட்டீக?" என்று சிரிக்கிறார். "அம்புட்டுப் பாரத்தையும் எறக்கிட்டு எந்திரிக்கிற மண்ணுய்யா அது. புள்ளைய ஏன் காக்க வைக்கிறீக?"

உட்காருகிறார். ஸ்பாஞ்சு பழையபடி அமுங்குகிறது.

"இங்க மட்டும் பனி திரும்பி வந்துருச்சுய்யா" என்று பாதிக் கொய்யாவை நீட்டுகிறார். ஒரு கையால் அதை வாங்கிக்கொண்டு, மறு கையால் மகளை அழைக்கிறேன்.