கிட்டாருக்குள் இருந்த தாள்

கிட்டாருக்குள் கையை விட்டது நான்தான். யாரும் என்னை ஏவவில்லை. இத்தனை வயதாகியும் அதை நான் மறக்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம், எனக்கு ஏழு வயது. எங்கள் வீடு இலங்கையில் கண்டிக்குப் பக்கத்து அலவத்துகொடையில், வாப்பாவின் பிடவைக் கடை கண்டி டவுனில். வாப்பாவின் தம்பியும் தங்கையும் எங்களோடுதான் இருந்தார்கள். தம்பி எனக்குச் சாச்சா, தங்கை மாமி. ஊரைவிட்டுப் போன ஒரு தோட்டத்துத் துரையின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது உட்காரக் கதிரை வாங்கப் போன சாச்சா, கிட்டாரோடு திரும்பி வந்தார். அதன் நரம்பு ஆட்டுக் குடலில் செய்தது என்று கேள்விப்பட்டு உம்மா முகம் சுளித்தார். சாச்சா விடவில்லை.

"பாபத் கறியாக்கித் திங்கக்கொள்ள ருசியா ஈந்திச்சே, மதினி. அதே குடல்தான் இது."

மாலையில் பின்வாசலில் உட்கார்ந்து பாடுவார். வண்டி மாட்டைப் பற்றி, கண்டி மழையைப் பற்றி, குடையை மறந்த கிளாக்கரைப் பற்றி. எல்லாம் அவரே கட்டிய பாட்டுகள் என்று ஊரே சொன்னது, நாங்களும் நம்பினோம். எனக்குப் பிடித்தது இது:

மழைக்குக் குடையிருக்கு மூலையிலே,
மனசு நனைஞ்சா எங்கே காயப்போட?

ஒன்று மட்டும் எனக்கு விளங்காமல் இருந்தது. சாச்சா ஒரு சொல்லை மாற்றிப் பாடினால் குசினியில் மாமி தேங்காய் திருவும் சத்தம் நின்றுவிடும். அவர் சொல்லைத் திருத்துவார், சத்தம் மறுபடி தொடங்கும். தேங்காய்க்கும் பாட்டுக்கும் ஏதோ உறவிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

மாமிக்கு அதற்கு முன் இரண்டு சம்பந்தங்கள் பேசி நின்றுபோயிருந்தன. மூன்றாவதாக அக்குறணையிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் உம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அது மார்க்கப் பற்றுள்ள குடும்பம், கிட்டார் கண்ணில் பட்டால் இதுவும் போச்சு என்று காலையிலிருந்து புலம்பினார். சாச்சா கடைக்குப் போய்த் திரும்பாத நேரம் பார்த்து, பழைய சாரத் துணியில் கிட்டாரைச் சுற்றி என்னிடம் தந்தார்.

"அலுமாரிக்குப் பின்னால வெச்சிட்டு வா. சத்தம் வரப்படாது, சொல்லிட்டன்."

தூக்கிக்கொண்டு போனபோது உள்ளே என்னவோ சரசரத்தது. எலியாக இருந்தால் பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் ஓடுமே என்று பயந்துபோய் அந்த வட்ட ஓட்டைக்குள் கையை விட்டேன். சுருட்டிய ஒரு தாள் வந்தது. விரித்துப் பார்த்தேன். தாள் முழுக்க ஓதுகிற எழுத்து!

நான் அப்போதுதான் குர்ஆன் ஓதித்தரும் லெப்பையிடம் அலிஃப், பே படித்துக்கொண்டிருந்தேன். கூட்டி வாசிக்கத் தெரியாது. அந்த எழுத்தில் இருப்பதெல்லாம் குர்ஆன் ஆயத்து, அது காலில் படக்கூடாது, கண்ட இடத்தில் கிடக்கக்கூடாது என்பது மட்டும் தெரியும். அது கிட்டாருக்குள் கிடக்கிறதே, யா அல்லாஹ், இந்த வீடு என்ன ஆகப்போகிறது என்று அழுகை வந்தது. தாளை முத்தமிட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டு குர்ஆன் வைக்கும் மேல்தட்டுக்கு ஓடினேன். அது இருந்தது ஹாலில். எனக்கு எட்டவில்லை. கால் விரலில் நின்று எக்கியபோதுதான் பின்னால் குரல் கேட்டது.

"என்ன மகள் அது கையில?"

மாப்பிள்ளையின் உம்மா. சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து பெரிய கதிரையில் அமர்ந்துவிட்டிருந்தார். பெரிய மனுஷி ஒருத்தி கிடைத்தாளே என்ற நிம்மதியில் தாளை அவர் கையில் கொடுத்தேன்.

"ஆயத்து. கிட்டாருக்குள்ள ஈந்திச்சி" என்றேன்.

உம்மா தண்ணீர்ச் செம்பை ணங்கென்று கீழே வைத்தார்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் எங்கள் பெண்கள் பள்ளிக்கூடம் போனதில்லை. ஓதப் படித்த அரபு எழுத்திலேயே தமிழையும் எழுதினார்கள். தாளில் இருந்தது மழைப் பாட்டு. சாச்சா பாடிய பாட்டுகள் அத்தனையும் மாமி எழுதி ஒவ்வொன்றாகக் கிட்டாருக்குள் போட்டு வைத்தவை. அவர்கள் இருவரைத் தவிர இது வீட்டில் உம்மாவுக்கு மட்டும் தெரியும், எனக்குத் தெரியாது.

மாப்பிள்ளையின் உம்மா உதடு அசைய வாசித்தார். ஒரு தடவை முடித்துவிட்டு மறுபடி தொடங்கினார். வெளியே தூறல். நான் ஏதோ பாவம் செய்துவிட்டேன் என்று மட்டும் எனக்கு உறைத்தது. என்ன பாவம் என்றுதான் தெரியவில்லை.

"யார்ட எழுத்து இது?"

அப்போதுதான் வந்த சாச்சா, பெண்கள் இருந்த ஹாலின் திரைக்கு வெளியே நின்று சொன்னார்:

"என்ட எழுத்துத்தான். சும்மா கிறுக்கினது."

அந்த அம்மா திரைப் பக்கம் திரும்பவேயில்லை. தேத்தண்ணித் தட்டோடு மாமி வந்தார். அந்த அம்மா கோப்பையை எடுக்காமல் மாமியின் வலது கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். நடுவிரலில் மருதோண்டிக்கு மேலே கறுப்பாக மை.

"மருதோண்டி நல்லாச் செவந்தீக்கி" என்றார். பிறகு தாளை நாலாக மடித்துத் தன் வெற்றிலைப் பைக்குள் வைத்தார். "எங்கட ஊட்டுல இந்த எழுதுற வேலையெல்லாம் ஈக்காது, மகள். விளங்குதா?"

மாமி தலையாட்டினார்.

"அப்ப நாளக் குறிங்க" என்றார் அந்த அம்மா.

உம்மா "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிச் சுவரோடு சாய்ந்துவிட்டார். என்னை ஒருவரும் அடிக்கவில்லை. எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது.

கல்யாணத்துக்கு முன் ஒரு மாலை சாச்சா பின்வாசலில் உட்கார்ந்து மழைப் பாட்டைப் பாடினார். ஒரு சொல்லைப் பிழையாகப் பாடினார். தேங்காய் திருவும் சத்தம் நிற்கவில்லை. இன்னொரு சொல்லையும் பிழையாகப் பாடிப் பார்த்தார். அப்போதும் நிற்கவில்லை. கிட்டாரைச் சாரத்தில் சுற்றி அவரே அலுமாரிக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார்.

கல்யாணத்தன்று மாமியை வண்டியில் ஏற்றும்போது எல்லோரும் அழுதார்கள். எனக்கோ மாமியைத் தேற்றவேண்டும் என்று இருந்தது. அந்த அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. நெருக்கிக்கொண்டு போய் மாமியின் காதில் சொன்னேன்:

"அழாதீங்க மாமி. அங்க உங்களுக்கு வேலை கொறவாம். எழுதுற வேலை ஒண்டும் இல்லயாமே!"

மாமி என்னை மூச்சு முட்ட இறுக்கிக்கொண்டார். அவருடைய உடம்பு குலுங்கியது. சந்தோஷத்தில் சிரிக்கிறார் என்று நினைத்து நானும் சிரித்தேன்.